எஞ்சினுக்குள் ஓர் எண் அட்டவணை: விடை மட்டும் சரியாக இருந்தால் போதுமா?

மடக்கை அட்டவணையை நீங்கள் எல்லோரும் பயன்படுத்தியிருப்பீர்கள். அதில் 2-இன் மடக்கை 0.3010 என்று இருக்கும். சென்னையில் அச்சிட்டாலும் லண்டனில் அச்சிட்டாலும் அந்த எண் மாறாது. அது எப்படி வந்தது என்று கேட்பவருக்குக் கணிதம் விடை சொல்லும்.

இன்றைய பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலானவற்றின் எஞ்சினில் ஓர் அட்டவணை இருக்கிறது. எந்த வேகத்தில், எந்தச் சுமையில் எவ்வளவு பெட்ரோலைத் தெளிக்கவேண்டும் என்பதை அதைப் பார்த்தே எஞ்சினின் கணிப்பொறி முடிவு செய்கிறது. இதற்கு எரிபொருள் அட்டவணை என்று பெயர். இதில் உள்ள எண்கள் கணிதத்திலிருந்து பிறந்தவை அல்ல. யாரோ ஒருவர் ஓர் எஞ்சினை ஓட்டிப் பார்த்து எழுதியவை. அவர் எதை அளந்தார், எந்தக் கருவியால் அளந்தார், எதை அளக்காமலே எழுதினார் என்பவற்றைப் பொறுத்தே அந்த எண்களின் மதிப்பு அமையும். ஆகவே, ஒரு நூலைத் திறனாய்வு செய்வதுபோல இந்த அட்டவணையையும் திறனாய்வு செய்யலாம் அல்லவா? அதைத்தான் இங்கே செய்ய முற்படுகிறேன்.

அட்டவணை என்ன செய்கிறது?

பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். இதை வேதிச் சமவிகிதம் என்கிறோம். பெட்ரோல் இதைவிட மிகுந்தால் அது செறிந்த கலவை. குறைந்தால் மெலிந்த கலவை. செறிந்த கலவையில் கரி முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு மிகுதியாக வெளிவரும். முழுச் சுமையில் கலவை மெலிந்துபோனால் எஞ்சினில் தட்டல் ஏற்பட்டுப் பிஸ்டனே சேதமடையக்கூடும். ஆகவே, ஒவ்வொரு முறையும் சிலிண்டருக்குள் எவ்வளவு காற்று புகுந்தது என்று தெரிந்தாக வேண்டும்.

இதைக் கணக்கிடப் பள்ளியில் படித்த வாயுச் சமன்பாடே போதும். 1600 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 400 கன சென்டிமீட்டர். உறிஞ்சு குழாயில் அழுத்தம் 100 கிலோபாஸ்கல், காற்றின் வெப்பநிலை 300 கெல்வின், அதாவது 27 டிகிரி செல்சியஸ் என்று கொள்வோம். சிலிண்டர் முழுவதும் நிரம்பினால் உள்ளே வரும் காற்றின் நிறை 465 மில்லிகிராம்.

ஆனால் சிலிண்டர் முழுவதும் நிரம்புவதில்லை. வால்வு திறந்திருக்கும் நேரம் குறுகியது. குழாயின் வளைவுகள் காற்றைத் தடுக்கின்றன. முந்தைய சுழற்சியில் எரிந்த வாயுவும் கொஞ்சம் தங்கிவிடுகிறது. நூற்றில் எத்தனை பங்கு நிரம்புகிறது என்பதை நிரப்புத் திறன் என்று அழைப்போம். அது 80 என்று இருந்தால் காற்று 372 மில்லிகிராம். 14.7 ஆல் வகுத்தால் தேவையான பெட்ரோல் 25.3 மில்லிகிராம். இன்ஜெக்டர் ஒரு மில்லிவினாடிக்கு 2.5 மில்லிகிராம் தெளிக்கும் என்றால் அது 10.1 மில்லிவினாடி திறந்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் அழுத்தத்தையும் வெப்பநிலையையும் சென்சார்கள் அளந்து சொல்கின்றன. சமன்பாட்டிலிருந்து வருவிக்க முடியாதது நிரப்புத் திறன் ஒன்றுதான். அது எஞ்சினின் வேகத்தையும் அழுத்தத்தையும் பொறுத்து மாறும். ஆகவே வேகத்தை ஒரு பக்கமும் அழுத்தத்தை மறு பக்கமும் வைத்து, கட்டம் கட்டமாக அதை எழுதி வைக்கிறார்கள். பக்கத்துக்கு 16 கட்டங்கள் என்றால் மொத்தம் 256 எண்கள். இரு கட்டங்களுக்கு நடுவே எஞ்சின் ஓடும்போது, நீங்கள் கணக்குப் பாடத்தில் படித்த இடைச்செருகல் முறையில் கணிப்பொறி நடு எண்ணைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

காற்றின் நிறையை நேரடியாகவே அளக்கும் எஞ்சின்களும் உண்டு. நாம் இங்கு பேசுவது அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் முறையைப் பற்றி.

வந்த வழி

மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் எண்ணம் புதியதன்று. அமெரிக்காவின் பெண்டிக்ஸ் நிறுவனம் 1950-களிலேயே அதை முயன்றது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1967-இல் வோல்க்ஸ்வாகன் 1600 காருக்காக வெளியிட்ட அமைப்பு வெற்றி பெற்றது. அதில் எண் அட்டவணை கிடையாது. எஞ்சினின் குணங்கள் எல்லாம் மின்தடைகளிலும் மின்தேக்கிகளிலும் அடங்கியிருந்தன. குணத்தை மாற்ற வேண்டுமானால் மின்சுற்றையே மாற்ற வேண்டும். 1979-இல் பி.எம்.டபிள்யூ. 732ஐ காரில் அதே நிறுவனத்தின் மோட்ரானிக் அமைப்பு வந்தது. அதன் நுண்செயலி, நினைவகத்தில் எழுதிய எண்களைப் படித்து வேலை செய்தது.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், புதிய இருசக்கர வண்டிகளிலும் பெரும்பாலும் கார்புரேட்டர் மறைந்து இன்ஜெக்டர் இடம்பெற்றது. நீங்கள் ஓட்டும் வண்டிக்குள்ளும் இப்படிப்பட்ட ஓர் அட்டவணை இருக்கக்கூடும்.

இதன் சிறப்பை முதலில் ஒப்புக்கொள்வோம். கார்புரேட்டரில் ஒரு துளையைப் பெரிதாக்கினால் மெதுவான ஓட்டத்தில் ஒரு நன்மை, விரைவான ஓட்டத்தில் ஒரு தீமை என்று இரண்டும் சேர்ந்தே வரும். அட்டவணையிலோ ஒரு கட்டத்து எண்ணை மாற்றினால், அந்தக் கட்டத்தையும் அதை ஒட்டிய பகுதியையும் தவிர வேறெதுவும் மாறாது. இது பெரிய வசதி. ஆனால் நம் குறைகாணலும் இந்த வசதியிலிருந்தே தொடங்குகிறது. எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியவர் காரணம் சொல்லத் தேவையில்லை.

எண் சரி, காரணம் தவறு

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். காற்றின் வெப்பநிலையை அளக்கும் சென்சாரை எஞ்சினின் சூடான உலோகப் பகுதியில் பொருத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் வண்டி ஊர்ந்து செல்லும்போது உலோகச் சூடு சென்சாருக்கு ஏறிவிடுகிறது. உண்மையில் காற்று 300 கெல்வின். சென்சார் சொல்வதோ 330 கெல்வின். சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்று நம்பும் கணிப்பொறி, பெட்ரோலை ஏறத்தாழ 9 விழுக்காடு குறைத்துவிடுகிறது. கலவை மெலிகிறது; எஞ்சின் திணறுகிறது.

இப்போது அட்டவணையைத் திருத்த ஒருவர் வருகிறார். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், கலவை மெலிந்திருப்பதாகக் காட்டுகிறது. அவர் மெதுவான ஓட்டத்துக்குரிய கட்டங்களில் 50 என்று இருந்ததை 55 ஆக்குகிறார். கலவை 14.7-க்கு வந்துவிடுகிறது. எஞ்சின் சீராக ஓடுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

மறுநாள் காலையில் என்ன ஆகும்? உலோகம் குளிர்ந்திருக்கிறது, சென்சார் 300 கெல்வின் என்று உண்மையைச் சொல்கிறது. அட்டவணையிலோ 55 இருக்கிறது. கலவை 10 விழுக்காடு செறிந்துவிடுகிறது, விகிதம் 13.4-க்கு இறங்குகிறது. உடனே அவர், குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் தரும் வேறொரு சிறிய அட்டவணையைத் தேடிப்பிடித்து அதில் எண்களைக் குறைக்கிறார். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பது இதுதான். சென்சாரை இடம் மாற்றுவதுடன் முடிந்திருக்க வேண்டிய வேலை, இரண்டு அட்டவணைகளைக் கெடுத்துவிட்டது.

இயற்பியல் செய்முறை வகுப்பில் இதற்கு ஒப்பான செயலை நீங்கள் கண்டிருப்பீர்கள். தனி ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு முடுக்கத்தைக் காணும்போது விடை 9.2 என்று வருகிறது. நீளத்தை எங்கிருந்து அளந்தோம், அலைவுகளைச் சரியாக எண்ணினோமா என்று பார்ப்பதற்குப் பதிலாக, அலைவு நேரத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதினால் விடை 9.8 ஆகிவிடும். ஆசிரியர் திருத்திவிடுவார், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் அந்தக் குறிப்பேட்டில் உள்ள அலைவு நேரம் இனி அலைவு நேரம் அன்று. அதைக் கொண்டு வேறு எதைக் கணக்கிட்டாலும் தவறு தொடரும். அதுபோலவே, மேலே சொன்ன 55 என்ற எண்ணும் இனி நிரப்புத் திறன் அன்று. நிரப்புத் திறனும் ஒரு சென்சாரின் பிழையும் சேர்ந்த, பெயரில்லாத ஒரு கலவை.

அட்டவணை அறியாதவை

அட்டவணைக்கு இரண்டு பக்கங்களே உண்டு: வேகம், அழுத்தம். மூன்றாவதாக ஒன்று மாறினால் அதை அட்டவணை அறியாது.

இன்ஜெக்டர் மின்சாரம் வந்த உடனே திறந்துவிடுவதில்லை. அதன் காந்தச் சுருளில் மின்னோட்டம் வளர்ந்து ஊசியைத் தூக்கச் சிறிது நேரம் பிடிக்கும். இந்தத் தாமதம் ஒரு மில்லிவினாடி அளவில் இருக்கும். பாட்டரியின் மின்னழுத்தம் குறைந்தால் கூடும். வண்டி நின்றபடி எஞ்சின் மெதுவாக ஓடும் நிலையை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் 35 கிலோபாஸ்கல், நிரப்புத் திறன் 50 என்றால் பெட்ரோல் பாயவேண்டிய நேரம் 2.2 மில்லிவினாடிதான். முகவிளக்கைப் போட்டதும் மின்னழுத்தம் இறங்கித் தாமதம் 0.2 மில்லிவினாடி கூடியது என்று கொள்வோம். பெட்ரோலில் 9 விழுக்காடு குறைந்துவிடும். முழுச் சுமையில் 10.1 மில்லிவினாடி திறந்திருக்கும்போது இதே பிழை வெறும் 2 விழுக்காடு. இரவில் விளக்கைப் போட்டால் எஞ்சின் திணறுகிறது, பகலில் திணறவில்லை என்ற புகாருக்கு 256 கட்டங்களில் எந்தக் கட்டத்தைத் திருத்துவது? எதைத் திருத்தினாலும் தவறு. மின்னழுத்தத்துக்கு உரிய திருத்தம் அதற்குரிய தனி இடத்தில் இருக்கவேண்டும்.

மற்றொன்றும் உண்டு. அட்டவணை நிலையான ஓட்டத்தின் படம். ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று மிதித்தால், தெளித்த பெட்ரோலில் ஒரு பகுதி உறிஞ்சு வழியின் சுவரில் படலமாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கணத்தில் சிலிண்டருக்குக் குறைவாகவே போகும். அப்போது ஏற்படும் தடுமாற்றத்தை நீக்குவதற்காக அட்டவணையையே செறிவாக்கிவிட்டால், சீராக ஓட்டும் நேரத்திலெல்லாம் பெட்ரோல் வீணாகும்.

சாட்சி எதைப் பார்த்தது?

அட்டவணையைத் திருத்துபவர் பெரிதும் நம்புவது புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சாரை. சிர்கோனியாப் பீங்கானால் ஆன இந்தக் கருவியை 1976-இல் வோல்வோ நிறுவனம் தன் கார்களில் முதன்முதலாகப் பொருத்தியது. புகையைத் தூய்மை செய்யும் வினையூக்கி நன்றாக வேலை செய்யவேண்டுமானால் கலவை 14.7-ஐ ஒட்டியே இருக்கவேண்டும். அதைக் கண்காணித்து, பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் கணிப்பொறி தானே திருத்திக்கொள்ள இந்தச் சென்சார் உதவுகிறது. மோட்டார் வண்டி வரலாற்றில் இது ஒரு சிறந்த கண்டுபிடிப்பு என்பதில் ஐயமில்லை.

ஆனால் இந்தக் கருவி கலவையைப் பார்ப்பதில்லை. புகையில் மிஞ்சிய ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. நான்கு சிலிண்டர்களில் ஒன்றில் பிளக் பழுதாகித் தீப்பற்றவில்லை என்று வையுங்கள். அந்தச் சிலிண்டரின் ஆக்சிஜன் முழுவதும் எரியாமல் வெளியே வரும். சென்சார், “ஆக்சிஜன் மிகுதி, கலவை மெலிவு” என்று சாட்சி சொல்லும். கணிப்பொறி நான்கு சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டும். நன்றாக எரிந்துகொண்டிருந்த மூன்றும் செறிந்துவிடும். எரியாத பெட்ரோல் வினையூக்கிக்குள் சென்று எரிந்து அதையும் பாழாக்கும். புகைக்குழாயின் இணைப்பில் ஒரு கசிவு இருந்து வெளிக்காற்று உள்ளே நுழைந்தாலும் இதே பொய்ச் சாட்சிதான். சாட்சி பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னது. அதற்குத் தவறான பொருள் கொண்டது நாம். கருவி எதை அளக்கிறது, அதிலிருந்து நாம் எதை ஊகிக்கிறோம் என்ற வேறுபாட்டை மறந்தவர் கையில் நல்ல கருவியும் கெட்ட அட்டவணையையே தரும்.

சோதனையில் ஒன்று, சாலையில் ஒன்று

“வண்டி ஓடுகிறதே, அது போதாதா? இவ்வளவு நுணுக்கம் எதற்கு?” என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கே இதற்கு விடை.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 4.9 லிட்டர் எஞ்சின் கொண்ட கேடிலாக் கார்களில் ஒரு கோளாறு இருந்தது. உட்புறக் குளிர்சாதனத்தை இயக்கும்போது எஞ்சின் நின்றுவிடுவதாகப் புகார்கள் வந்தன. 1991 முதல் 1995 வரையிலான மாதிரிகளில் இதற்கு ஒரு தீர்வு செய்தார்கள். குளிர்சாதனம் இயங்கும்போது கலவையைச் செறிவாக்கும்படி எஞ்சின் கணிப்பொறியின் சில்லில் எழுதிவிட்டார்கள். எஞ்சின் நிற்பது நின்றது.

ஆனால் அக்காலத்தில் புகைச் சோதனையைக் குளிர்சாதனத்தை நிறுத்திவைத்தே செய்தார்கள். சோதனைக் கூடத்தில் கார் விதிக்கு உட்பட்டது. சாலையில் குளிர்சாதனத்தோடு ஓடும்போது, ஒரு மைலுக்கு 3.4 கிராம் என்ற வரம்பை மீறி, கார்பன் மோனாக்சைடு 10 கிராம் வரை வெளிவந்தது என்பது அரசின் குற்றச்சாட்டு. ஏறத்தாழ 4,70,000 கார்கள் இதில் அடங்கும். 1995 நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, 1 கோடியே 10 லட்சம் டாலர் அபராதம் உட்பட ஏறத்தாழ 4 கோடியே 50 லட்சம் டாலர் செலவை நிறுவனம் ஏற்றது. கார்களைத் திரும்ப அழைத்துத் திருத்தவும் ஒப்புக்கொண்டது. விதிக்குப் பொருள் கொள்வதில் ஏற்பட்ட வேறுபாடே இது என்பது நிறுவனத்தின் வாதம்.

சட்டத்தின் நுணுக்கத்தைச் சட்டம் படித்தவர்களுக்கு விட்டுவிடுவோம். இயற்பியல் மாணவன் இதில் காணவேண்டியது வேறு. குளிர்சாதனத்தின் கம்ப்ரஸர் எஞ்சினுக்கு ஒரு சுமை. சுமை வந்தால் எஞ்சினுக்குத் தேவை மேலும் காற்று, அதற்கு ஏற்ற பெட்ரோல். காற்றைச் சரிசெய்யாமல் பெட்ரோலை மட்டும் கூட்டினாலும் ஓரளவு பயன் கிடைக்கும். ஏனெனில் சற்றுச் செறிந்த கலவையில், 12.5 முதல் 13 வரையுள்ள விகிதத்தில், விசை கொஞ்சம் மிகும். விடை கிடைத்தது, காரணம் தொடப்படவில்லை. அதற்கான விலையைக் கார் உரிமையாளர் தரவில்லை. அந்தச் சாலையில் மூச்சு விட்டவர்கள் எல்லோரும் தந்தார்கள்.

நல்ல அட்டவணையின் இலக்கணம்

அப்படியானால் அட்டவணையே வேண்டாமா? அது என் கருத்தன்று. வீணைக்குச் சுருதி சேர்ப்பவர் ஒரு தந்தி தளர்ந்திருந்தால் அந்தத் தந்தியைத்தான் முறுக்குவார். மற்ற தந்திகளை அதற்கு ஏற்ப இறக்கமாட்டார். இங்கும் அந்த ஒழுங்கு வேண்டும் என்பதே கருத்து.

முதலாவது, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே பொருள் இருக்கவேண்டும். நிரப்புத் திறன் என்று பெயரிட்ட கட்டத்தில் நிரப்புத் திறனே இருக்கட்டும். வேதியியல் மாறினால் விகித எண்ணை மாற்றவேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2023 முதல் இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. எத்தனாலுக்குள் ஏற்கெனவே ஆக்சிஜன் இருப்பதால் அதற்குக் குறைந்த காற்று போதும். அதன் விகிதம் 9. கலப்புப் பெட்ரோலுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 13.5 வரும். அதாவது, அதே காற்றுக்கு எரிபொருள் 9 விழுக்காடு கூடுதலாக வேண்டும். ஒழுங்கான அமைப்பில் இதற்கு ஓர் எண்ணை மாற்றினால் போதும். காற்று அதேதான், ஆகவே 256 கட்டங்களில் ஒன்றையும் தொடவேண்டாம்.

இரண்டாவது, எந்த நிலையில் அளந்தோமோ அதற்கு மாறான நிலையில் சோதிக்கவேண்டும். சூட்டில் எழுதியதைக் குளிரில் பார்க்கவேண்டும். பகலில் எழுதியதை விளக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். குறையைக் காட்டும் சோதனையே நல்ல சோதனை.

மூன்றாவது, அட்டவணையின் வடிவத்தைப் பார்க்கவேண்டும். நிரப்புத் திறன் வேகத்தோடு மெல்ல ஏறி, எஞ்சினின் முறுக்கு விசை உச்சம் அடையும் இடத்தை ஒட்டித் தானும் உச்சம் அடைந்து, பின் இறங்குவதே பெரும்பாலும் இயல்பு. நடுவே ஒரு கட்டம் மட்டும் குழியாகவோ மேடாகவோ இருந்தால், அங்கே வேறு ஏதோ ஒரு பிழை ஒளிந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். சாதாரணக் கார் எஞ்சினில் 120 என்ற எண்ணைக் கண்டாலும் அப்படியே. அளந்து எழுதிய கட்டம் எது, பக்கத்தைப் பார்த்து ஊகித்து எழுதிய கட்டம் எது என்ற குறிப்பும் இருந்தால் மிக நன்று.

நான்காவது, கணக்கிடும் முறை வெளிப்படையாக இருக்கவேண்டும். 2001-இல் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் மெகாஸ்குவர்ட் என்ற எஞ்சின் கணிப்பொறியை வெளியிட்டார்கள். ஆர்வமுள்ளவர் பாகங்களை வாங்கித் தாமே பற்றவைத்துச் செய்துகொள்ளக் கூடியது அது. அதன் முதல் வடிவில் அட்டவணை 8 வரிசை, 8 நிரல் கொண்டது, 64 எண்கள்தாம். பெரிய நிறுவனங்களின் அமைப்புகளோடு ஒப்பிட்டால் எளிமையானது. ஆனால் நாம் மேலே போட்ட கணக்கை அது ஒளிவுமறைவின்றிப் போட்டுக் காட்டியது. எந்த எண் எங்கே பெருக்கப்படுகிறது என்று யாரும் பார்க்கலாம். தவறு என்றால் சுட்டிக்காட்டலாம். எரிபொருள் அட்டவணையைப் பற்றிப் பொதுமக்கள் கற்றுக்கொண்டதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.

மடக்கை அட்டவணையில் ஓர் அச்சுப்பிழை இருந்தால், இன்னொரு பதிப்போடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடலாம். எரிபொருள் அட்டவணைக்கு இன்னொரு பதிப்பு கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க இருப்பது எஞ்சின் ஒன்றுதான். எஞ்சினோ பிழையான எண்ணோடும் பல நாள் ஓடும். ஆகவே, ஓர் எண்ணை மாற்ற முற்படும்போதெல்லாம், “இது எதனுடைய அளவு? மாறியிருப்பது உண்மையில் அதுதானா?” என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். எஞ்சினைத் திருத்துபவருக்கு மட்டுமன்றி, செய்முறைக் குறிப்பேட்டில் விடை எழுதும் மாணவருக்கும் அவை பொருந்தும்.